பின் கண்ணாடி ரப்பர்

போன மாதம் ஒரு வெள்ளைக் கார் என் ஷெட்டுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இறங்கியதும் நேராக வண்டியின் பின்பக்கம் போய், கண்ணாடியைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பரைக் காட்டினார். ரப்பரின் மேல் வெள்ளை பெயிண்ட் செதில் செதிலாக எழும்பி நின்றது. மேல் விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு, இடது மூலையில் அதைவிட மோசமாக.

"ரப்பர் பூத்துப்போச்சு மாஸ்டர். புதுசு போட்டுடலாமா?"

நகத்தால் ஒரு செதிலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ரப்பர் கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கி எழுந்தது.

"ரப்பருக்கு ஒண்ணுமில்ல சார். கூரைக்கு எப்போ பெயிண்ட் அடிச்சீங்க?"

"அடிக்கவே இல்லையே! மூணு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். கம்பெனி பெயிண்ட்டுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க."

கார் கம்பெனியில் கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே பாடிக்குப் பெயிண்ட் அடித்துச் சூளையில் வேகவைத்துவிடுவார்கள். கண்ணாடியும் ரப்பரும் அப்புறம்தான் ஏறும். அதனால் கம்பெனி பெயிண்டோடு இருக்கும் வண்டியில், ரப்பர் மேல் பாடிக் கலர் ஒரு பொட்டுகூட இருக்க வழியில்லை. இருந்தால் யாரோ கண்ணாடியைக் கழற்றாமல் ஸ்ப்ரே கன் பிடித்திருக்கிறார்கள். இதை அவரிடம் உடனே சொல்ல வாய் வரவில்லை. "வண்டிய விட்டுட்டுப் போங்க சார், சாயங்காலம் பேசுவோம்" என்று அனுப்பிவைத்தேன்.

1979-இல், பதின்மூன்று வயதில், சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பெயிண்ட் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கன்னைத் தொடவிடவில்லை. டீ வாங்கி வருவது, வாட்டர் பேப்பரை ஊறப்போடுவது, பட்டி தேய்ப்பது, இவ்வளவுதான். பட்டி தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை போய்விடும். ரேஷன் கடையில் கைநாட்டு மெஷின் வந்த பிறகுதான் அதனால் எனக்குக் கஷ்டம் என்று தெரிந்தது; அது வேறு கதை.

அப்போது வந்த வண்டிகள் பெரும்பாலும் மூன்றுதான்: அம்பாஸடர், ஃபியட், நம் மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பெயிண்ட் எல்லாம் என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் ரகம். தின்னர் காற்றில் பறந்தால் பெயிண்ட் காய்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் சூத்திரம். ஒவ்வொரு கோட்டும் மெலிசாக விழும் என்பதால் எட்டு, பத்து கோட் அடிக்க வேண்டும். அடித்து முடித்தால் பளபளப்பு இருக்காது. 600-ஆம் நம்பர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு போட்டுக் கையால் பாலிஷ் ஏற்ற வேண்டும். ஒரு முழு வண்டி இருபது நாள், ஒரு மாதம்கூடப் பட்டறையில் நிற்கும். வண்டிக்காரரும் அவசரப்பட மாட்டார். அதனால் எல்லாவற்றையும் கழற்றுவோம்: பம்பர், லைட்டு, கைப்பிடி, குரோம் பீடிங், முன் கண்ணாடி, பின் கண்ணாடி. "வண்டி அம்மணமா நின்னாத்தான்டா கன்ன எடுப்பேன்" என்பார் எங்கள் பட்டறை மேஸ்திரி.

சின்ன டச்சப் வேலைக்குக் கண்ணாடியைக் கழற்ற மாட்டோம். பார் சோப்பைத் தண்ணீர் விட்டுக் குழைத்து ரப்பர் மேல் தடவிக் காயவிடுவோம். அதன்மேல் எத்தனை பெயிண்ட் விழுந்தாலும் ஈரத்துணியால் துடைத்தால் சோப்போடு சேர்ந்து வந்துவிடும். சில பட்டறைகளில் சோப்புக்குப் பதில் கிரீஸ் பூசினார்கள். அது கெட்ட பழக்கம். கிரீஸ் கொஞ்சம் தகரத்தில் பட்டாலும் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. ரப்பரையும் மெல்ல மெல்ல ஊறவைத்துக் கெடுக்கும்.

தின்னர் ரப்பரை என்ன செய்யும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ஹெரால்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். டாக்டர் ஒருவருடைய வண்டி, தயிர் வெள்ளைக் கலர். டிக்கிக்கு டச்சப் அடித்தபோது சோப்பு பூசுவது என் பொறுப்பு. மூலையில் ஒரு சாண் விட்டுவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் ரப்பரில் வெள்ளைப் புகை படிந்த மாதிரி பெயிண்ட். மேஸ்திரி வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். பெயிண்ட் நொடியில் போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆகட்டுமே என்று திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.

முதலில் துணி கறுப்பானது. பிறகு ரப்பர் பிசுபிசுத்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு சாணும் மழையில் ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, அலை அலையாக நெளிந்து, கண்ணாடியை விட்டு எழும்பி நின்றது. நான் பிடித்த இடமெல்லாம் தயிர் வெள்ளை மேல் கறுப்புக் கைரேகை. மேஸ்திரி வந்தார், பார்த்தார். அடிக்கவில்லை. "இன்னாடா பண்ணி வச்சிக்கீற" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் புதுப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், கடை கடையாக ஏறி, ஹெரால்டு பின் கண்ணாடி ரப்பர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அந்தப் பணத்தை என் வாரக் கூலியில் இரண்டிரண்டு ரூபாயாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த ரப்பரை மாட்டியபோதுதான் கயிறு முறையை முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது இருக்கும் பையன்களுக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் கால ரப்பரில் இரண்டு பள்ளம் இருக்கும். ஒன்றில் கண்ணாடி உட்காரும், இன்னொன்றில் பாடித் தகரத்தின் விளிம்பு. முதலில் ரப்பரைக் கண்ணாடிக்கு மாலை போடுவது மாதிரி சுற்றி மாட்ட வேண்டும். தகரம் உட்காரும் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தொங்கும்படி விட வேண்டும். ரப்பரிலும் தகரத்திலும் சோப்புத் தண்ணீர். வெளியே ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, உள்ளே உட்கார்ந்தவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்பக்கம் வந்து விழும். "டப், டப்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் சீராக வந்தால் கண்ணாடி சரியாக உட்காருகிறது. நடுவில் சத்தம் நின்றால் இழுக்கக் கூடாது. வெளியே இருப்பவர் அந்த இடத்தில் தட்ட வேண்டும்.

கடைசியில் குரோம் பீடிங். ரப்பரின் வெளிப்புறக் கோட்டில் அதைத் திணித்தால்தான் ரப்பர் இறுகும். அதற்குக் கருவி கடையில் கிடைக்காது. மேஸ்திரி சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்து ஒரு காது மாதிரி செய்து, மரப்பிடி போட்டு வைத்திருந்தார். பீடிங்கை அந்தக் காதுக்குள் விட்டு, ரப்பர் உதட்டைத் திறந்துகொண்டே இழுத்துப் போவார். அந்தக் கருவி இப்போது என் டிராயரில் இருக்கிறது.

பின் கண்ணாடியைத் தொட எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. இப்போதைய முன் கண்ணாடி இரண்டு ஏட்டை ஒட்டிச் செய்தது; அடிபட்டால் சிலந்தி வலை மாதிரி கீறல் விட்டு அப்படியே நிற்கும். பின் கண்ணாடி பதம் போட்டது. நடுவில் குத்தினால்கூடத் தாங்கும், விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டால் மொத்தமும் கல்கண்டு. 1986-இல் ஒரு அம்பாஸடரின் பின் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். கீழே சாக்கு போட்டேன். சாக்கின் அடியில் ஒரு ஜல்லிக்கல் கிடந்ததைப் பார்க்கவில்லை. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். அடுத்த தெருவிலிருந்து ஆள் ஓடிவந்தான். அதற்கப்புறம் கழற்றிய கண்ணாடியைப் பழைய டயர் மேல்தான் படுக்கவைப்பேன்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், ரப்பருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான். அம்பாஸடரில் பின் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டும் தண்ணீர் தங்கும் இடம். மழைத் தண்ணீர் ரப்பர் உதட்டுக்குள் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நிற்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து வண்டியாக இருந்தால் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். மேலே பார்த்தால் பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னும். ரப்பரை எடுத்தால் தகரம் பிஸ்கெட் மாதிரி உதிரும். டிக்கியில் ஸ்டெப்னி அடியில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று வருடக்கணக்காகத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

மாருதி 800 முதலில் வந்தது 1983 டிசம்பரில். எங்கள் பட்டறைக்கு அது அடிபட்டு வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதன் தகரம் மெலிசு, கலர்கள் புதுசு, ஓட்டி வந்தவர்களின் அவசரமும் புதுசு. கொஞ்ச வருடத்தில் டூ-கே பெயிண்ட் வந்தது. பெயிண்டில் ஹார்டனர் கலந்தால் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகிவிடும். அப்புறம் தின்னரில் ஊறவைத்தாலும் கரையாது. இரண்டு மூன்று கோட்டிலேயே பளபளப்பு. பூத்துக்குள் வண்டியை விட்டு 60 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைத்தால் சாயங்காலமே டெலிவரி. அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு எமன் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தோம். என்னோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் இன்று இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாது. கன் பிடிக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், சரியான சுவாசக் கவசம் இல்லாமல் கிளியர் கோட் அடிக்காதீர்கள்.

வேலை ஒரு மாதத்திலிருந்து மூன்று நாளாகச் சுருங்கியதும், முதலில் காணாமல் போனது கண்ணாடி கழற்றும் வேலை. ஒரு கண்ணாடியைக் கழற்றி மாட்ட இரண்டு ஆளுக்கு அரை நாள் ஆகும். உடைந்தால் நஷ்டம் பட்டறைக்கு. மாஸ்கிங் டேப் ஒட்டினால் பத்து நிமிடம். டேப்பும் மலிவாகக் கிடைத்தது. ரப்பர் மேல் டேப்பை ஒட்டு, பேப்பரை மூடு, அடி. டெலிவரி எடுக்கும் அன்று யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தெரிவது எட்டு மாதமோ ஒரு வருடமோ கழித்து. வளைந்து நெளிந்து போகும் ரப்பர் மேல் டேப்பை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும், உதடு தகரத்தைத் தொடும் கோட்டில் ஒரு நூலளவு ரப்பர் வெளியே நிற்கும். அந்த நூலில் பெயிண்ட் விழும். தகரத்து பெயிண்டும் ரப்பர் பெயிண்டும் சேர்ந்து ஒரே ஏடாகப் பாலம் கட்டிவிடும். சித்திரை வெயிலில் ரப்பர், தகரத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விரியும், இரவில் சுருங்கும். கதவைச் சாத்தும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும் அசையும். மேலே இருக்கும் டூ-கே ஏடு கண்ணாடி மாதிரி விறைப்பு. அது எத்தனை நாள் தாங்கும்?

போதாததற்கு ரப்பர் எதையும் தன் மேல் ஒட்டவிடாது. "ரப்பரு வேர்க்கும்டா" என்று மேஸ்திரி சொல்வார். கிண்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து, பெயிண்ட் கம்பெனி ஒன்று நடத்திய டிரெய்னிங்கில் விளக்கினார்கள். ரப்பரை மிருதுவாக வைக்க எண்ணெயும், காற்றில் வெடிக்காமல் இருக்க மெழுகும் உள்ளே கலந்திருக்குமாம்; அவை மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டே இருக்குமாம். இப்போதைய கார்களில் வரும் இபிடிஎம் ரப்பரில் பசையே சரியாகப் பிடிக்காது, பெயிண்ட் எங்கே பிடிக்கும்? பள்ளிக்கூடம் போகாத மேஸ்திரி, எண்ணெய் மேலே வருவதைக் கையால் தொட்டே தெரிந்துவைத்திருக்கிறார்.

பெயிண்ட் பட்டறைகள் இப்படி ஆனதற்கு இன்ஷூரன்ஸ் கணக்கும் ஒரு காரணம். சாதாரண பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், முழுப்பணமும் வரும். ரப்பர், பிளாஸ்டிக், நைலான் சாமான்களுக்குப் பாதிதான். கண்ணாடி இலவசமாக வந்து, ரப்பருக்கு மட்டும் கைக்காசு போட வேண்டும் என்றால் கஸ்டமர் என்ன சொல்வார்? "பழைய ரப்பரையே போட்டுடுங்க." பழைய ரப்பரும் நன்றாக இருந்தால் தப்பில்லை. ஆனால் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் கொஞ்ச காலம் சம்பளத்துக்கு இருந்தேன். அங்கே எஸ்டிமேட்டில் 'பின் கண்ணாடி கழற்றி மாட்டும் கூலி' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். கழற்றியதை நான் பார்த்ததில்லை. சர்வேயர் கையெழுத்துப் போட்ட பேப்பரில் கழற்றிய கண்ணாடி, ஷெட்டில் டேப் ஒட்டி நிற்கும். ஆறு மாதம் பொறுத்தேன். வெளியே வந்து சொந்தமாக ஷெட் போட்டேன்.

சொந்த ஷெட் போட்ட பிறகு நான் யோக்கியனாகவே இருந்தேன் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. 2004, பெரிய பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம். கூரையில் தென்னை மட்டை விழுந்த ஒரு கார் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் ரொக்கம். கண்ணாடியைக் கழற்றவில்லை. ரப்பர் உதட்டுக்கு அடியில் வயர் சொருகி அதைத் தூக்கிக்கூட வைக்கவில்லை. டேப் ஒட்டி அடித்து அனுப்பினேன். அடுத்த தீபாவளிக்கு முன்பே வண்டி திரும்பி வந்தது. வண்டிக்கார அம்மா கோபப்படவில்லை. "தம்பி, நீங்க பாத்துப் பாத்துச் செய்வீங்கன்னு சொன்னாங்களே" என்றார். காசு வாங்காமல் கண்ணாடியைக் கழற்றி மறுபடி அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதற்கப்புறம் வரவில்லை.

சரி, வெள்ளைக் காருக்கு வருகிறேன். உரியும் பெயிண்டை எடுப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். முதலில் ஷாம்பு தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவி, பத்து மணி வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தினேன். சூடு ஏறினால் ரப்பர் இளகும், செதில் தானாகக் கொஞ்சம் எழும்பும். ஹீட் கன் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டிவிடுவார்கள். ஒரே இடத்தில் நின்றால் பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கும், கண்ணாடி நொறுங்கிவிடும். நான் வெயிலோடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்தது எல்லோரும் தவறவிடும் இடம். செதிலைப் பிடித்து இழுக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். இழுத்தால் ரப்பரிலிருந்து வருவது தகரத்து பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வரும், பாலம் கட்டியிருக்கிறதே. அதனால் முதலில் புது பிளேடு ஒன்றை எடுத்து, ரப்பரும் தகரமும் சந்திக்கும் கோட்டில் பெயிண்ட் ஏட்டை மட்டும் அறுத்துவிட வேண்டும். பிளேடின் முனை ரப்பர் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தகரத்தில் பட்டால் அந்தக் கீறலில் நாளைக்குத் துரு. அழுத்தம் கூடாது, வெற்றிலையில் காம்பு கிள்ளும் அளவுக்குத்தான். சுற்றிலும் அறுத்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அறுத்த பிறகு ஐஸ் குச்சியைச் சீவி உளி மாதிரி ஆக்கி, செதிலுக்கு அடியில் விட்டு ரப்பர் பக்கமாகத் தள்ளினேன். பெரிய துண்டுகள் நாடா மாதிரி வந்தன. பழைய ஏ.டி.எம். கார்டும் இதற்கு நல்ல கருவி. இரும்பு ஸ்கிராப்பர் வேண்டாம். பொடிப் பொடியாக நிற்பதற்கு அகல டேப்பை அழுத்தி ஒட்டிச் சரக்கென்று உரித்தால் பாதி வந்துவிடும். மீதியை 600-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டு, ரப்பர் ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கோடு தெரியும். என்.சி. காலத்தில் தின்னர் தொட்ட துணி ஒரு துடைப்பில் எடுத்திருக்கும், ரப்பரையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். டூ-கே பெயிண்ட் தின்னருக்கு அசையாது என்பதால் இன்று தின்னரால் ரப்பர் கெடுவது ஒன்றுதான் மிச்சம். கடைசித் துடைப்புக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். இபிடிஎம் ரப்பர் அதற்குக் கெடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் ஆகாது. துடைத்தவுடன் கறுப்பாக மின்னும், பிறகு ரப்பர் ஊறி உப்பும்.

தேய்த்த இடம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கஸ்டமர் பார்த்தால் பதறுவார். கிளிசரினைத் தண்ணீரில் கலந்து துணியால் தேய்த்தால் கறுப்பு திரும்பிவிடும். டயர் பாலிஷ் போடாதீர்கள். அதில் சிலிக்கான் இருக்கும். ஒரு தடவை என் ஷெட்டுப் பையன் ஒரு காரின் ரப்பர் எல்லாவற்றுக்கும் டயர் பாலிஷ் போட்டு மின்னவைத்து, அதே துணியால் பக்கத்தில் பெயிண்டுக்கு நின்ற வண்டியின் பானெட்டைத் துடைத்துவிட்டான். கன் பிடித்த இரண்டாவது நிமிடம் பானெட் முழுக்க மீன் கண். பெயிண்ட் வட்டம் வட்டமாக விலகி, நடுவில் பிரைமர் எட்டிப் பார்த்தது. மொத்தமும் இறக்கித் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து.

"ரப்பருக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சுடுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கென்று வளையும் ரகப் பெயிண்டும், பிடிமானத்துக்கு அடியில் அடிக்கும் மருந்தும் கிடைக்கின்றன. மெலிசாக அடித்தால் ஒன்று இரண்டு வருடம் ஓடும். அப்புறம் அதுவும் உரியும், அப்போது இந்த உரித்தல் வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும். எனக்கு அதில் சம்மதமில்லை. ரப்பர் வெடித்திருந்தாலோ, மூலையில் சுருங்கி இடைவெளி விட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். புதுப்பேட்டையில் அடிக்கணக்கில் வெட்டிக் கொடுத்து ஒட்டுப் போடும் ரப்பர் மலிவு. ஒரு கோடை தாண்டினால் ஒட்டு வாயைப் பிளக்கும். அந்த மாடலுக்கென்று மூலை வார்த்து வரும் ரப்பரைத்தான் வாங்க வேண்டும்.

செதில் எல்லாம் எடுத்த பிறகு, ரப்பர் உதட்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வயரைச் சுற்றிலும் சொருகித் தூக்கி வைத்துப் பார்த்தேன். இதை நான் எந்த வண்டியிலும் விடுவதில்லை. 2016-இல் ஒருவர் வாங்குவதற்காகப் பார்க்கச் சொன்ன கார் ஒன்றில் இப்படித் தூக்கியபோது, பள்ளத்தில் மாவு மாதிரி வண்டல் காய்ந்து கிடந்தது. சீட்டு புதுசு, கார்ப்பெட் புதுசு, எஞ்சின் துடைத்துப் பளபளவென்று இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூரை வரை முங்கிய வண்டி. ரப்பருக்கு அடியில் கழுவ விற்றவருக்குத் தோன்றவில்லை. பெயிண்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் காட்டும் மீட்டர் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கு இந்த வயரும் நகமும்தான்.

வெள்ளைக் காரில் இடது மூலையில் உதட்டைத் தூக்கினால், கம்பெனி வெள்ளை ஒன்று, அதன்மேல் பட்டி, அதன்மேல் கொஞ்சம் மஞ்சள் ஓடிய இன்னொரு வெள்ளை. பின்பக்கப் பக்கவாட்டிலும் கூரையிலும் பட்டி வேலை நடந்திருக்கிறது. நல்லவேளை, துரு இன்னும் இறங்கவில்லை. வெட்டுவாயில் பிரைமர் தொட்டு, கலர் கலந்து பிரஷ்ஷால் வைத்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் மூலையைத் தூக்கிக் காட்டினேன். நாலைந்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இது அடிபட்ட வண்டியா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். ரப்பர் வேலைக்கு ஆயிரத்து இருநூறு வாங்கினேன்.

இப்போது வரும் பல கார்களில் கண்ணாடியை ரப்பரில் மாட்டுவதில்லை, பாடியோடு பசை வைத்து ஒட்டுகிறார்கள். ரப்பர் என்பது விளிம்பை மறைக்கும் ஒரு பட்டைதான். கழற்ற வேண்டுமானால் முறுக்குக் கம்பியை விட்டுப் பசையை அறுக்க வேண்டும். பின் கண்ணாடியில் சூடேற்றும் கோடுகள் வேறு. அவற்றின் வயர் முனை பிய்ந்தால் அதை மறுபடி ஒட்டவைப்பது தனிப் பாடு. அதனால் பட்டறைகள் இன்னும் தயங்குகின்றன. பட்டையைச் சுற்றி டேப், மேலே கன், பழைய கதைதான்.

உங்கள் வண்டியின் கூரைக்கோ பின்பக்கத்துக்கோ பெயிண்ட் அடிக்கக் கொடுத்தால், பின் கண்ணாடியைக் கழற்றுவார்களா, பட்டையையாவது எடுப்பார்களா என்று எஸ்டிமேட் போடும்போதே கேளுங்கள். கழற்றுவதாகச் சொன்னால், அடிக்கும் நாளன்று ஒரு நடை போய்க் கழற்றிய கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அது எங்கே படுத்திருக்கிறது என்றும் பாருங்கள்.